சிலிப்பர் போட்ட ஆம்பளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடமாக, அலுவலக நேரம் போக மற்ற நேரமெல்லாம் நான் சிலிப்பர்தான். அடுக்குமாடி புளோக் கீழே, லிட்டில் இந்தியாவின் தேக்காவில், எம்ஆர்டி ரயிலில், ஜொகூர் போகும் பஸ்ஸில். கூட்டாளிகள், மச்சான்கள், தம்பி முறைப் பையன்கள் என்று பலபேர் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சிங்கப்பூரில் ஆண்களுக்கு இதைவிடத் தோதான காலணி கிடையாது. ஆனால் பாதிப் பேர் அதைப் போட்டுத் திரியும் லட்சணத்தைப் பார்த்தால் எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

எதைச் சிலிப்பர் என்கிறீர்கள்?

பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு தண்டு, அதிலிருந்து இரண்டு பக்கமும் பிரியும் வார், அடியில் ஒரு தட்டை. பின்னால் பிடிப்பு கிடையாது. மேலே அகலப் பட்டை மட்டும் போட்டு வருவது வேறு ரகம், அது இந்தப் பக்கத்தில் இல்லை.

பெயர் ஊருக்கு ஊர் மாறும். தமிழ்நாட்டில் ஹவாய் செருப்பு. ஆஸ்திரேலியாவில் தாங்ஸ். நியூசிலாந்தில் ஜாண்டல்ஸ், ஜப்பானையும் சாண்டலையும் ஒட்டவைத்து 1957இல் வணிகப் பெயராகப் பதிந்த சொல். மலேசியாவில் செலிப்பார் ஜெப்புன், அதாவது ஜப்பான் செருப்பு. ஆங்கிலத்தில் ஃபிளிப்-ஃபிளாப் என்பது குதிகாலில் அது அடிக்கிற சத்தம். நமக்கு வீட்டுக்குள் போடுவதும் சிலிப்பர், கடைக்குப் போடுவதும் சிலிப்பர்.

அப்படியென்றால் இது ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்ததா?

இப்போது நாம் போடும் ரப்பர் வடிவத்துக்கு மூலம் ஜப்பானின் ஸோரி என்ற வைக்கோல் செருப்புதான். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் அதைக் கூடவே கொண்டுபோனார்கள். 1962இல் பிரேசிலில் ஹவாயானாஸ் வந்தது. அதன் மேல்தளத்தைத் தடவிப் பாருங்கள், அரிசி அரிசியாகப் பொறித்திருக்கும். ஸோரியின் நெல் வைக்கோலை நினைத்து வைத்த வேலைப்பாடு அது.

ஆனால் விரலிடுக்கில் பிடித்து நடப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. சாமியார்கள் போடும் குமிழ் மிதியடி அதே தத்துவம்தான். வார்கூட இல்லை, மரக்குமிழை இரண்டு விரலால் கவ்விக்கொண்டே நடக்கவேண்டும். பரதன் தலையில் சுமந்துவந்து அரியணையில் வைத்த பாதுகையை நம் ஓவியர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வரைகிறார்கள். 'செருப்பு' என்ற சொல்லும் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. ஒரு வீரனைப் பற்றிப் பாடும் புலவர், பகைவருக்கு அவன் செருப்புக்குள் சிக்கிய சின்னக் கல் மாதிரி என்கிறார். சிலிப்பரில் கல் மாட்டி, ஒற்றைக்காலில் நின்று உதறியவர்களுக்கு அந்தப் புலவரின் அருமை தெரியும்.

சிங்கப்பூருக்கு இது ஏன் பொருந்துகிறது?

மழை. ஆண்டில் ஏறத்தாழ 170 நாள் மழை பெய்கிற ஊர் இது. மொத்தம் 2,000 மில்லிமீட்டருக்கு மேல். டிசம்பர், ஜனவரியில் நாள்கணக்கில் ஊறப்போடும். மற்ற மாதங்களில் விடியற்காலைச் சுமத்ரா காற்று, பிற்பகல் மூன்று மணி இடி. சப்பாத்து ஒருமுறை நனைந்தால் இந்த ஈரப்பதத்தில் காய இரண்டு நாள் ஆகும். காய்ந்த பிறகும் அந்த வாசம் போகாது. சிலிப்பரென்றால் புளோக் கீழே நின்று இரண்டு உதறு உதறினால் முடிந்தது.

அடுத்தது சேற்றுப்புண். விரலிடுக்கில் தோல் வெளுத்து, உரிந்து, அரிக்குமே, அதுதான். மூடிய சப்பாத்துக்குள் வியர்வையில் ஊறும் காலில் பூஞ்சை சுகமாகக் குடியிருக்கும். காற்றோட்டம் கிடைத்தால் அதற்கு ஆகாது. நாள் முழுக்கச் சப்பாத்துப் போடுகிறவர்கள் சாயங்காலமாவது காலைத் திறந்து விடுவது நல்லது.

இதையெல்லாம்விடப் பெரிய காரணம் வாசல். இங்கே மலாய்க்காரர் வீடு, சீனர் வீடு, நம் வீடு, எதற்குள்ளும் காலணியோடு போகமுடியாது. கோயில், பள்ளிவாசல் எல்லாம் அப்படியே. ஹரி ராயாப் பெருநாளுக்கு ஒரே நாளில் ஐந்து வீடு போகிறீர்கள் என்று வையுங்கள். பத்து முறை கயிறு அவிழ்த்துக் கட்டவேண்டும். பின்னால் மாமியார் கையில் பலகாரப் பையோடு நின்றுகொண்டிருப்பார்.

சரி, ஆம்பளைக்கு இது அழகாக இருக்குமா? உண்மையைச் சொல்லுங்கள்.

இருக்கும். யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது என்பதில்தான் விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்கா பக்கம் போய் நில்லுங்கள். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை பார்க்கும் தம்பிகள் வருவார்கள். வாரம் முழுக்கப் பாதுகாப்பு பூட்ஸுக்குள் கிடந்த கால்கள். குளித்து, தலை வாரி, மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டு, கருநீல ஜீன்ஸ், கீழே கறுப்புச் சிலிப்பர். நகம் வெட்டியிருக்கும். சிலிப்பர் கழுவியிருக்கும். நான் பார்த்தவரை இந்த ஊரில் சிலிப்பரை ஒழுங்காகப் போடுகிறவர்கள் அவர்கள்தான். கையில் காசிருந்தும் குதிகால் தேய்ந்து கோணலான ஒன்றை இழுத்துக்கொண்டு கடைத்தொகுதிக்கு வரும் நம்மவர்கள் அவர்களிடம் பாடம் கேட்கலாம்.

கவனித்துப் பார்த்தால், அழகைக் கெடுப்பது பெரும்பாலும் சிலிப்பர் கிடையாது, அதற்குள் இருக்கும் கால். மஞ்சள் பூத்த நகம், பித்தவெடிப்பு, சாம்பல் படிந்த கணுக்கால். சப்பாத்து இதையெல்லாம் மறைத்துவிடும். சிலிப்பர் மறைக்காது. அதனால் சிலிப்பர் போட முடிவெடுத்தவன் முதலில் வாங்கவேண்டியது ஒரு நகவெட்டி, ஒரு கால் தேய்க்கும் கல். இரவில் குதிகாலில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிப் படுத்தால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். இதில் ஆம்பளை பொம்பளை என்று ஒன்றும் இல்லை.

நிறம் விஷயத்தில் நான் கொஞ்சம் பழைய ஆள். கறுப்பு, கருநீலம், அடர் பழுப்பு, இந்த மூன்றைத் தாண்டிப் போகமாட்டேன். பச்சை மஞ்சளில் கொடி வரைந்தது கடற்கரைக்குச் சரி.

எதனோடு போடலாம்?

முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் அரைக்கால் சட்டையோடு நன்றாக இருக்கும். கணுக்காலில் நிற்கும் மெல்லிய பருத்தி அல்லது லினன் கால்சட்டையோடு அதைவிட நன்றாக இருக்கும். குர்தாவும் ஜீன்ஸும் என்றால் தோல் வார் வைத்தது. வேட்டிக்கும் தோல்தான், ரப்பர் வேண்டாம். பட்டு வேட்டிக்குக் கீழே நீல ரப்பர் சிலிப்பரைப் பார்த்தால், மாப்பிள்ளை குளியலறையிலிருந்து நேரே வந்துவிட்டார் என்று நினைக்கத் தோன்றும்.

கால்சட்டை நீளமாகித் தரையில் புரளக்கூடாது. சிலிப்பருக்குள் மாட்டி மிதிபடும், மழை நாளில் முழங்கால் வரை ஈரம் ஏறும். காலுறையோடு போடலாமா என்று ஒரு பையன் கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லவில்லை.

அளவு எப்படிப் பார்ப்பது?

கடையில் நம்மவர்கள் சட்டென்று காலை நுழைத்து, இரண்டடி நடந்து, காசைக் கொடுத்துவிடுகிறார்கள். நின்றபடி கீழே பாருங்கள், அல்லது கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் அரை விரற்கடை தட்டை தெரியவேண்டும். குதிகால் வெளியே தொங்கினால் சின்னது, நடக்க நடக்க விளிம்பு உள்ளங்காலை அறுக்கும். கட்டைவிரல் அகலத்துக்கு மேல் மிச்சமிருந்தால் பெரிது, படியில் இடறும். பக்கவாட்டிலும் பாதம் வழியக்கூடாது. நம் ஆட்களில் பலருக்கு அகலப் பாதம். நீளத்தை மட்டும் பார்த்து வாங்கிச் சுண்டுவிரலைத் தொங்கவிடுகிறார்கள்.

வார் பாதத்தின் மேல் பட்டும் படாமல் படியவேண்டும். தளர்ந்திருந்தால் ஒவ்வொரு அடிக்கும் விரலை மடக்கிப் பிடிப்பீர்கள், அரைமணி நேரத்தில் கால் கடுக்கும். நடக்கும்போது 'டப் டப்' என்று ஊருக்கே கேட்டாலும் அதே கோளாறுதான். சாயங்காலமாகப் போய் வாங்குவது உத்தமம். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

ரப்பரா, இவிஏவா, தோலா?

ஈரத்துக்கு ரப்பர். கனமாக இருக்கும், ஆனால் ஈரத் தரையில் பிடிக்கும், வளைத்தால் வளையும், சீக்கிரம் தேயாது. இவிஏ என்பது நுரை மாதிரியான செயற்கைப் பொருள். இறகு மாதிரி லேசு, தண்ணீரில் மிதக்கும். முதல் மாதம் மேகத்தில் நடப்பது போல இருக்கும். போகப் போகக் குதிகால் பக்கம் அமுங்கித் தட்டையாகிவிடும், மழையில் நனைந்த ஓட்டுத் தரையில் வழுக்கும். பேட்டைக் கடைகளில் குவித்து வைத்திருக்கும் மலிவு ரகத்தில் பெரும்பாலும் இதுதான்.

ரப்பர் மேல் எனக்கு ஒரு பட்சபாதம் உண்டு, மறைக்கவில்லை. 1877இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சிலவற்றை நம் பூமலையில், அதாவது தாவரவியல் பூங்காவில்தான் நட்டார்கள். 1888இல் பூமலைப் பொறுப்புக்கு வந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவித் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அதற்குப் பிறகுதான் மலாயா முழுக்கப் பால்மரக் காடு. அதில் விடியுமுன் இறங்கிப் பால் வெட்டியவர்களில் பெரும் பங்கு நம் ஆட்கள். அவர்களில் எத்தனை பேர் காலில் செருப்பு இருந்தது என்பது வேறு கதை. பூமலைக்குப் போனால் ரப்பர் மரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், உங்கள் சிலிப்பருக்குத் தாய்வீடு அது.

தோலைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. மேலே நல்ல தோல் இருக்கும், அடித்தட்டு பாலியூரிதேனாக இருக்கும். அந்தப் பொருள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உள்ளுக்குள் சிதையும், அதுவும் போடாமல் அலமாரியில் வைத்தால் சத்தமில்லாமல் சிதையும். விசேஷத்துக்கு மட்டும் என்று நான் பொத்திப் பொத்தி வைத்த ஒரு ஜோடியை மூன்று வருடம் கழித்து ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போட்டேன். மின்தூக்கியிலிருந்து மண்டப வாசல் வரை, நடந்த வழியெல்லாம் கறுப்புக் கறுப்பாக, கேக் உதிர்ந்த மாதிரி. மண்டபத்தைக் கூட்டிய அம்மா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல செருப்பை எடுத்து வைக்காதீர்கள். போடுங்கள்.

எவ்வளவு செலவழிக்கலாம்?

பேட்டைக் கடையில் ஐந்து வெள்ளிக்குள்ளேயே கிடைக்கும். பேர் பெற்ற ரப்பர் ரகம் இருபது முப்பது வெள்ளி. தினமும் போடுகிறவர் இரண்டாவதுக்குப் போகலாம். தோல் வேண்டுமென்றால் அதற்கு மேல்.

எழுநூறு டாலருக்குச் சிலிப்பர் விற்கிறார்களாமே?

விற்கிறார்கள். தி ரோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் சாதாரணமாகத் தெரியும் ஒரு ஜோடிக்குக் கிட்டத்தட்ட 700 அமெரிக்க டாலர். அதைப் போட்டுக்கொண்டு நடிகர்கள் பட விழாவுக்கு வருகிறார்கள். வாங்குகிறவர் பாடு. ஆனால் ஒன்று, இனிமேல் 'சிலிப்பர் போட்டால் ஃபேஷன் இல்லை' என்று யாராவது சொன்னால் இந்த விலையைச் சொல்லி வாயை அடைக்கலாம்.

இதைவிட எனக்குச் சுவையான சங்கதி 2025 ஜூனில் நடந்தது. மிலான் நகரில் பிராடா நிறுவனம் ஆண்களுக்கான உடைக் காட்சி நடத்தியது. அதில் காலில் மாட்டிவிட்டது கோலாப்பூர் செருப்பு மாதிரியே இருந்தது. மகாராஷ்டிரம், கர்நாடகத்தின் தோல் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது, 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. முதலில் அவர்கள் பேரையே சொல்லவில்லை. இந்தியாவில் சத்தம் கிளம்பிய பிறகுதான், ஆமாம், இந்தியக் கைவினையைப் பார்த்துச் செய்தோம் என்று ஒப்புக்கொண்டார்கள். விரல் பிடிக்கும் தோல் செருப்பு ஆண்களுக்கு அழகு என்று மிலானில் முடிவு செய்ய வெகுகாலம் முன்பே சிராங்கூன் சாலைக் கடைகளில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுப் பெரியவர்கள், சிலிப்பரோடு வெளியே போவது மரியாதை இல்லை என்கிறார்கள். என்ன சொல்வது?

முதலில், அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. செருப்பு நம்மிடம் சாதாரணப் பொருளில்லை. செருப்பைத் தூக்கிக் காட்டினால் அவமானம். 'செருப்பு பிஞ்சிடும்' என்பதற்கு விளக்கம் தேவையில்லை. சாமி படத்துக்கு முன்னால் யாரும் போடமாட்டோம்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம். அவர் சின்ன வயதில் அந்த ஊரில் சில தெருக்கள் வழியாகப் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளவேண்டும், அவரைப் போன்றவர்கள். நாற்பதுகளின் கடைசியில் கப்பலேறி வந்து, தஞ்சோங் பகாரில் துறைமுக வேலை. முதல் சம்பளத்தில் வாங்கியது ஒரு தோல் செருப்பு. அதைப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவில் எடுத்த படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை முன்னால் நீட்டியிருப்பார். செருப்பு படத்தில் விழவேண்டுமே என்று. முகம் கொஞ்சம் மங்கல், செருப்பின் வார் தெளிவாக இருக்கிறது.

அதனால் என் அப்பா, 'சிலிப்பரோடவா கிளம்பிட்டே?' என்று கேட்கும்போதெல்லாம் நான் அந்தப் படத்தைத்தான் பார்ப்பேன். அவரும் பார்ப்பார். அப்புறம் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

கோயிலுக்குச் சிலிப்பர் நல்லதா? தைப்பூசத்துக்கு?

கழற்றிவைக்க இதைவிட வசதி இல்லை. ஒரே பிரச்சினை, வெளியே வரும்போது அது இருக்கவேண்டும். கோயில் வாசலில் திருட்டைவிட மாறிப்போவதுதான் அதிகம். எல்லாமே கறுப்பு, எல்லாமே ஒன்பதாம் அளவு. என் பழக்கம் இரண்டையும் சேர்த்து வைக்காமல், ஒன்றை அடுக்கின் இந்தக் கோடியிலும் மற்றதை அந்தக் கோடியிலும் வைப்பது. வாருக்கு அடியில் சிவப்பு நூல் கட்டுகிற ஆளையும் எனக்குத் தெரியும்.

தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் காவடி வெறுங்காலோடுதான். கூடப் போகிறவர்களிலும் பலர் அப்படியே நடப்பார்கள். காவடி இறக்கிய பிறகு அந்தக் காலுக்குச் சப்பாத்து போடமுடியாது. துணைக்குப் போகிறவர் பையில் மிருதுவான ஒரு ஜோடி சிலிப்பர் வைத்திருங்கள். தண்ணீர்ப் போத்தலுக்கு அடுத்தபடி அதுதான் உதவி.

அலுவலகத்துக்குப் போட்டுப் போகலாமா?

போடாதீர்கள். மேசைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி சிங்கப்பூர் அப்படித்தான் வேலை செய்கிறது. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் காலை மாற்றவேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் மறந்துபோய் நீலச் சிலிப்பரோடு வாடிக்கையாளர் முன்னால் போய் நின்றேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் எல்லாருக்கும் உடை விதிமுறை மின்னஞ்சல் வந்தது.

நேர்முகத் தேர்வு, நீதிமன்றம், பெரிய உணவகம், இங்கெல்லாம் சிலிப்பர் வேண்டாம். சில மதுக்கூடங்களில் வாசலிலேயே நிறுத்துவார்கள். துக்க வீட்டுக்கு மட்டும் எளிய சிலிப்பர்தான் சரி.

தேசிய சேவைக்குப் போகும் பையனுக்கு எப்படிப்பட்டது வாங்கித் தருவது?

கறுப்பு, ரப்பர், மலிவு, சீக்கிரம் காய்வது. தெக்கோங் தீவுப் பயிற்சி முகாமில் பூட்ஸ் கழற்றியதும் குளியலறைக்கும் படுக்கைக்கும் நடுவே அதுதான் வாழ்க்கை. பேரை அடியில் எழுதிக்கொடுங்கள். அழகான ஜோடி கொடுத்தால் வேறு யாராவது அழகாகப் போட்டுத் திரிவார்கள்.

மின்படியில் மாட்டிக்கொள்ளும் என்கிறார்களே?

மாட்டும். மென்மையான செருப்பு பக்கவாட்டுத் தகட்டில் உரசினால், அந்த இடுக்கு அதை உள்ளே இழுக்கும். இந்த ஊரில் பிள்ளைகளுக்கு விரல் காயம் ஆனதுண்டு. மஞ்சள் கோட்டுக்குள் நில்லுங்கள், ஓரத்தில் காலைச் சாய்க்காதீர்கள், முடிவில் இழுக்காமல் தூக்கி வையுங்கள். பிள்ளைகளுக்குச் சிலிப்பர் போட்டிருந்தால் மின்தூக்கியில் கூட்டிப்போங்கள்.

கார், மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது?

காரில் சிலிப்பர் நழுவி பிரேக்குக்கு அடியில் போனால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும். நான் இருக்கைக்குப் பின்னால் ஒரு ஜோடி சப்பாத்து வைத்திருக்கிறேன். மோட்டார் சைக்கிளில் சிலிப்பர் கூடவே கூடாது. கீழே விழுந்தால் முதலில் தரையில் உரசுவது கால் விரல். இதில் ஸ்டைல் பேச்சுக்கே இடமில்லை.

காலுக்குக் கெடுதல் என்று மருத்துவர்கள் சொல்கிறார்களே?

மெல்லிய, தட்டையான சிலிப்பரோடு நெடுந்தூரம் நடப்பது நல்லதில்லை, அது உண்மை. 2008இல் அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் நடத்திய ஆய்வில், சிலிப்பர் போட்டால் அடி குறுகுகிறது, நடையே மாறுகிறது என்று கண்டார்கள். செருப்பு விழாமல் இருக்க விரல்கள் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் முஸ்தஃபா கடையில் மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு வந்தால் கெண்டைக்கால் வலிக்கிறது. காலையில் எழுந்ததும் குதிகாலில் ஊசி குத்துகிற மாதிரி வலி இருந்தால் தட்டைச் சிலிப்பரை நிறுத்திவிட்டு, பாதத்தின் உள்வளைவைத் தாங்கும் மேடு வைத்ததற்கு மாறுங்கள். மருத்துவரையும் பாருங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும், நம் சமூகத்தில் அது அதிகம். சர்க்கரை வெகுநாள் கட்டுக்குள் இல்லாவிட்டால் பாதத்தில் உணர்வு மங்கும். விரலிடுக்கில் தண்டு உரசிப் புண்ணானால் தெரியாது. கண்ணாடித் துண்டு குத்தினால் தெரியாது. நடந்துகொண்டிருக்கும்போது சிலிப்பர் கழன்று போனதே தெரியாமல் நாலடி நடந்தவர்களும் உண்டு. அந்தச் சின்னப் புண் ஆறாமல் பெரிதாகிக் காலையே எடுக்கும் நிலைக்குப் போகலாம். ஆகவே அவர்களுக்கு விரலிடுக்குத் தண்டு வைத்த சிலிப்பர் வேண்டாம். முன்னும் பின்னும் மூடிய, இறுக்காமலும் தளராமலும் அளவாகப் பொருந்தும் காலணிதான் சரி. இந்த விஷயத்தில் என் கட்சியிலிருந்து அவர்களை நானே வெளியே அனுப்பிவிடுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் பிறந்தநாளுக்குச் சிலிப்பர் வாங்குமுன் பலதுறை மருந்தகத்தில் பாத பரிசோதனை எடுத்தாரா என்று கேளுங்கள்.

நடுவழியில் வார் கழன்றால் என்ன செய்வது?

எனக்கு இது தேக்கா ஈரச்சந்தையில் நடந்தது. சனிக்கிழமை காலை, ஆட்டிறைச்சிக் கடை வரிசை, தரை முழுக்கத் தண்ணீர். ஒரு கையில் இரண்டு கிலோ இறைச்சி, மறு கையில் முருங்கைக்காய். 'பொளக்' என்று சத்தம், விரலிடுக்குத் தண்டு தட்டையிலிருந்து மேலே வந்துவிட்டது. வெறும் காலை அந்தத் தரையில் வைக்க மனசு வரவில்லை, கொக்கு மாதிரி நின்றேன்.

கீரை விற்ற அம்மா பார்த்தார். 'கழட்டு தம்பி' என்றார். சிலிப்பரைத் திருப்பி, தண்டின் குமிழைத் தண்ணீரில் நனைத்து, ஓட்டைக்குள் வைத்துக் கட்டைவிரலால் ஒரே அமுக்கு. அடியில் குமிழ் எட்டிப் பார்த்தது. அப்புறம் முந்தானையிலிருந்து ஊக்கைக் கழற்றி, தட்டைக்கும் குமிழுக்கும் நடுவே தண்டில் குறுக்காகக் குத்தி மாட்டினார். ஓட்டை பெரிதாகியிருந்தாலும் ஊக்கு குறுக்கே நிற்பதால் குமிழ் மேலே வரமுடியாது. எல்லாம் சேர்ந்து அரை நிமிடம் ஆகியிருக்காது. காசு வாங்கமாட்டேன் என்றார், நான்கு கட்டுக் கீரை வாங்கினேன். அந்த ஊக்கோடு அந்தச் சிலிப்பர் இன்னும் ஐந்து மாதம் ஓடியது.

ஊக்கு இல்லையென்றால் ரொட்டிப் பொட்டலத்தை மூடியிருக்கும் சின்ன பிளாஸ்டிக் கிளிப்பும் அதே வேலையைச் செய்யும். வாரே அறுந்துபோனால் மட்டும் வழியில்லை, அருகில் உள்ள கடைக்கு நொண்டிக்கொண்டே போகவேண்டியதுதான்.

நாற்றம் வருகிறதே?

வாரம் ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கியும். விரல் பதிந்த குழிகளிலும் வார் நுழையும் ஓட்டையிலும்தான் அழுக்கு உட்காரும். நிழலில் காயவையுங்கள், வெயிலில் போட்டால் இவிஏ சுருங்கிவிடும். இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் இன்னும் நல்லது.

வீட்டு வாசலில் எத்தனை ஜோடி வைக்கலாம்?

எண்ணிக்கைக்குக் கணக்கில்லை, இடத்துக்குத்தான் கணக்கு. தீ விபத்து நேர்ந்தால் ஆள்கள் ஓடவேண்டும் என்பதால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு நடைபாதையில் 1.2 மீட்டர் தடையில்லாமல் இருக்கவேண்டும் என்கிறது குடிமைத் தற்காப்புப் படை. செருப்பு அடுக்கை வைத்துவிட்டு அளவு நாடாவால் ஒருமுறை அளந்து பாருங்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் பூந்தொட்டியையும் சேர்த்து அளக்கவேண்டும், அங்கேதான் சண்டை வரும்.

எப்போது தூக்கிப் போடுவது?

திருப்பிப் பாருங்கள். அடியில் கோடுகள் மறைந்து வழவழவென்று இருந்தால் முடிந்துவிட்டது. மழை நாளில் எம்ஆர்டி நிலையத்துத் தரை அதை உங்களுக்குச் சொல்வதற்கு முன்னால் நீங்களே முடிவெடுப்பது நல்லது. குதிகால் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், அமுங்காமல் கெட்டியாக இருந்தாலும் முடிந்ததுதான். மேசைமேல் வைத்துப் பார்த்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதுவும் அப்படியே.

குளியலறை கழுவ வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லாதீர்கள், வழுக்கும் அடியோடு சோப்புத் தண்ணீரில் நிற்கப் போகிறீர்கள். நானும் அப்படிச் சொல்லித்தான் ஊக்கு குத்திய அந்த ஜோடியைக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். போன மாதம் மனைவி ஊக்கை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு மற்றதைக் குப்பைக் குழாயில் போட்டுவிட்டார்.